கல்வாழையா, கிறிஸ்துமஸ் மரமா: ஏழு வருடம் இரண்டையும் வளர்த்துப் பார்த்ததில்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் மரம் 850 ரூபாய். 2018 விலை அது, மூன்றடி உயரம், கறுப்பு கவரில். வண்டிக்கூலி தனியாக 200. கல்வாழை சும்மா வந்தது. கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து என் மாமியார் சிமெண்ட் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்த கிழங்கு, கண்டக்டர் சாக்குக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் போட்டார், அதைச் சேர்த்தால் 15 ரூபாய். இரண்டும் ஒரே ஆடி மாதத்தில், ஒரே வாரத்தில், கோவையில் எங்கள் நாலு சென்ட் வீட்டின் முன்பக்க மண்ணில் இறங்கின. வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, பூச்செடி வைக்கட்டுமா இல்லை எப்போதும் பச்சையாக நிற்கிற மரம் ஒன்று வைக்கட்டுமா என்று புது வீடு கட்டிய நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒருமுறை உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று.

அன்றைக்கு எனக்குக் கல்வாழை பிடிக்காது. புது வீடு, கிரானைட் படி, கேட்டில் எல்.இ.டி. விளக்கு, அதற்குப் பொருத்தமாக நேராக, அடுக்கடுக்காக, காம்பஸ் வைத்து வரைந்தமாதிரி ஒன்று வேண்டும் என்று மூன்று நர்சரி அலைந்து வாங்கியது அந்த மரம். கல்வாழை என்றால் ரயில்வே ஸ்டேஷன், கவர்மென்ட் ஆஸ்பத்திரி வாசல், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சேறு, இவ்வளவுதான் என் மனதில். மாமியார் சாக்கை இறக்கி வைத்துவிட்டு நான் நட்டிருந்த மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், கிளையைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க மாப்பிள்ளை, இது நெசச் செடிங்களா, பிளாஸ்டிக்குங்களா?" கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குச் சந்தேகம்.

நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது அரகேரியா. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் நார்ஃபோக் பைன் என்பார். ஊசியிலை மர வகைதான், ஆனால் பைன் குடும்பம் இல்லை. அதிலும் நம் ஊரில் நார்ஃபோக் என்று விற்பதில் பெரும்பகுதி அதன் பங்காளியான குக் பைன், நியூ கலிடோனியா தீவுக்காரர். பசிபிக் கடலில் இருக்கிற நார்ஃபோக், நியூ கலிடோனியா இரண்டு தீவுகளுக்கும் ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக் 1774-ல் ஒரே பயணத்தில் போனார். நியூ கலிடோனியா பக்கம் தூரத்தில் தெரிந்த இந்த மரங்களைக் கப்பலில் இருந்தவர்களில் சிலர் கல்தூண்கள் என்றே நினைத்தார்களாம். அப்படி நெட்டுக்குத்தாக, சொந்த ஊரில் 200 அடி வரை போகிற மரம். எனக்கு விற்றவர் சொன்னது, "இது மினி வெரைட்டி சார், ஆறடிக்கு மேல போகாது."

மினி வெரைட்டி என்று ஒன்று இல்லை. தொட்டியில் வேர் நெருக்கப்பட்டால் மெதுவாக வளரும், மண்ணில் விட்டால் தன் குணத்தைக் காட்டும், அவ்வளவுதான். அந்தக் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு நான் வேடிக்கைக்காகவே கேட்டுப் பார்த்த நாலு கடையிலும் இதே ஆறடி கதைதான்.

எங்கள் மனை கரிசல் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் களிம்பு மாதிரி ஆகிவிடும். நான் இரண்டடி குழி எடுத்து, கரிசலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண்ணும் மணலும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி மரத்தை நட்டேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. கெட்டிக் களிமண்ணுக்கு நடுவில் பொலபொலவென்று ஒரு குழி இருந்தால் அது வாளி. சுற்றுப்புறத் தண்ணீரெல்லாம் அதில் வந்து நிற்கும். முதல் மழைக்காலத்திலேயே கீழ் அடுக்கு மஞ்சளாகித் தொங்கிவிட்டது. அரகேரியாவில் ஒருமுறை போன கீழ்க்கிளை திரும்ப வராது, அந்த இடம் கடைசி வரை மொட்டைதான். அப்புறம் பக்கத்தில் ஒரு சால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டுக் காப்பாற்றினேன். கரிசல்காரர்கள் இதை நட்டே தீருவேன் என்றால் தரைமட்டத்துக்கு ஒரு அடி மேலே மேடு கட்டி, அதில் நடுங்கள்.

கல்வாழைக்கு நான் எதுவும் செய்யவில்லை. மாமியார்தான் களைக்கொத்தை வாங்கி, வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியே வருகிற குழாய் ஓரமாக ஒரு சாண் ஆழத்தில் கிழங்கைத் துண்டு துண்டாகப் புதைத்து, காலால் மிதித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண் இருந்தால் போதும் என்றார். பத்து நாளில் சுருட்டிய தாள் மாதிரி பச்சைக் கூம்புகள் எட்டிப் பார்த்தன. ஐப்பசியில் பூ. மரம் அந்த நேரத்தில் மூன்றடியிலிருந்து மூன்றடி இரண்டங்குலம் ஆகியிருந்தது, நான் டேப் வைத்து அளந்தேன்.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வாழைப் பூவை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, தூரத்தில் ஒரு சிவப்பு, அவ்வளவுதான். காலையில் ஒன்றைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை, மகரந்தத் தாள்கள் அகன்று விரிந்து இதழ் வேஷம் போட்டு நிற்கின்றன. நிஜ இதழ் மூன்றும் அடியில் ஒல்லியாக, நிறமில்லாமல், வேலைக்காரன் மாதிரி ஒதுங்கியிருக்கும். மகரந்தம் என்று இருப்பது ஒரே ஒரு தாளின் ஓரத்தில் பாதிப் பை. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களா என்று நினைவில்லை, என் மகளின் ஏழாம் வகுப்பு பிராஜெக்டுக்காகப் பிளேடால் கீறிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். தேன்சிட்டு காலை ஏழு மணிக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை வரும். நிற்க இடம் இல்லாவிட்டாலும் தண்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குடிக்கும்.

விதையும் அப்படித்தான். முள் முள்ளாக ஒரு காய், காய்ந்து வெடித்தால் உள்ளே மிளகைவிடப் பெரிதாகக் கன்னங்கரேலென்று குண்டுமணிகள். கல் மாதிரி கெட்டி, பெயரிலேயே கல் இருக்கிறது. மகள் சின்ன வயதில் அதை மருந்து டப்பாவில் போட்டு கிலுகிலுப்பை செய்தாள். பிறகு எங்கோ படித்தபோது சிரிப்பு வந்தது: அர்ஜென்டினாவில் பழைய கல்லறை ஒன்றில் கிலுகிலுப்பைக்குள் கிடைத்த கல்வாழை விதை, சுமார் 600 ஆண்டு கழித்து முளைத்திருக்கிறது. அவ்வளவு கெட்டி என்பதால் சும்மா மண்ணில் போட்டால் சீக்கிரம் முளைக்காது. கருங்கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, உள்வெள்ளை தெரிந்ததும் ஒரு நாள் வெந்நீரில் ஊறவைத்துப் போட வேண்டும். ஆனால் விதை போட்டு வளர்க்க யாருக்கும் தேவை இருக்காது, கிழங்கே ஊர் பூராவும் கொடுக்கிற அளவுக்குப் பெருகும்.

அது நல்ல குணமா கெட்ட குணமா என்பது உங்கள் வீட்டு இடத்தைப் பொறுத்தது. எனக்கு மூன்றாம் வருடம் நடைபாதை டைல்ஸுக்கு அடியில் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடப்பாரை போட்டுத் தோண்டி, பாதியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் நடுவில் கிழங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பூ சிறுத்து, வெறும் இலைக்காடாகிவிடும். ஒருநாள் காலையில் மண்வெட்டியோடு இறங்கி, முதுகு பிடித்துக்கொண்டு, மூன்று நாள் அயோடெக்ஸ் தடவிய அனுபவம் உண்டு. பூத்து முடிந்த தண்டு வேறு: ஒரு தண்டு ஒருமுறைதான், பூங்கொத்து தீர்ந்ததும் அடியோடு அறுத்துவிட வேண்டும், பக்கத்துக் கன்று மேலே வரும். வாழை மாதிரியேதான். நாங்கள் வெளியூர் போய் ஒரு மாதம் விட்டுவிட்டால், திருவிழா முடிந்த மறுநாள் பந்தல் வாழை கிடக்குமே, அப்படி ஒரு கோலம். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

பூச்சி என்று பார்த்தால் இலைச்சுருட்டுப் புழு ஒன்றுதான் பெரிய தொல்லை. குருத்து விரியாமல் ஒட்டியே நிற்கும், பிரித்தால் வரிசையாக ஓட்டை, உள்ளே பச்சைப் புழு. மருந்தெல்லாம் வேண்டாம், வாரம் ஒருமுறை சுருட்டலைப் பிரித்து நசுக்கினால் போதும், அருவருப்பு இல்லாதவர்களுக்கு. மழைக்காலத்தில் நத்தை. இலையில் மஞ்சள் கோடு கோடாக, பூ வெளிறிப்போய் ஒரு தூர் நின்றால் அது வைரஸ். அந்தத் தூரைக் கிழங்கோடு பிடுங்கித் தூரப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் வரிக்குதிரை மாதிரி பச்சையும் மஞ்சளுமாக ஒழுங்காகக் கோடு போட்ட இலை இருந்தால் அது நோய் இல்லை, பெங்கால் டைகர் என்கிற ரகம், நல்ல ஆரஞ்சுப் பூ. என் நண்பர் ஒருவர் நோய் என்று நினைத்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

ரகம் என்று சொன்னதும் ஒரு புலம்பல். 2021-ல் ஆன்லைனில் ஐந்து கிழங்கு 600 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் மஞ்சள் பூவில் சிவப்புப் புள்ளி, செம்பு நிற இலை, ரோஸ், எல்லாம் இருந்தது. வந்ததில் இரண்டு அழுகல். மிச்சம் மூன்றும் நாலு மாதம் கழித்துப் பூத்தபோது, மூன்றும் மாமியார் சாக்கில் கொண்டுவந்த அதே சிவப்பு. திருப்பிக் கொடுக்கும் நாள் எப்போதோ முடிந்திருந்தது. கல்வாழையைப் பூவோடு பார்த்து வாங்குங்கள், நர்சரியில் பூத்து நிற்கிற தொட்டி 80, 100 ரூபாய்க்கே கிடைக்கிறது. குட்டையாக வேண்டும் என்றால் இரண்டடியில் நிற்கிற ரகமும் வருகிறது, சின்ன இடத்துக்கு அதுதான் சரி. எங்களுடையது ஆறடி போகிறது, ஜன்னலை மறைக்கிறது.

வீட்டம்மாவின் குறை வேறு. சாமிக்கு வைக்க முடியாது, தலையில் வைக்க முடியாது, பறித்தால் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும், இந்தப் பூவை வைத்து என்ன செய்வது என்பார். நியாயம்தான். பூவுக்காக மட்டும் செடி வைக்கிறவர்கள் செம்பருத்தியோ இட்லிப்பூவோ வைத்துவிட்டுப் போகலாம். நான் கல்வாழைக்கு மார்க் போடுவது பூவுக்காக இல்லை, அந்த வாஷிங் மெஷின் தண்ணீருக்காக. முதல் வருடம் வரை அந்தச் சோப்புத் தண்ணீர் தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டுக்காரரோடு வாய்த்தகராறு வரை போனது. இப்போது பத்தடி நீளக் கல்வாழைப் பாத்தி அதைக் குடித்துவிடுகிறது, நாற்றம் இல்லை, தேங்கல் இல்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கிற படுகைகளில் நாணலோடு கல்வாழையையும் நடுவது வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சேற்றில் வேர் அழுகாமல் நிற்கிற பூச்செடி அதிகம் கிடையாது. கோபி வாய்க்கால் கரையில் இது ஏன் அவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மாமியார் குழாய் ஓரமாகப் பார்த்து நட்டது தற்செயல் இல்லை.

இனி மரம்.

அழகு என்று வந்தால் போட்டியே இல்லை, அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் வருடத்திலிருந்து அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவை நுனி நீளும்போதும் ஒரு சுற்று, ஐந்தோ ஆறோ கிளை, எல்லாம் ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில். மாடியிலிருந்து குனிந்து பார்த்தால் நட்சத்திரத்துக்குள் நட்சத்திரமாக, அளவெடுத்துச் செய்த கோலம் மாதிரி இருக்கும். புதுக்கிளை நுனி இளம்பச்சை, பழையது கரும்பச்சை. மார்கழிக் காலையில் பனித்துளி ஒவ்வொரு ஊசியிலும் உட்கார்ந்திருக்க, வெயில் அதன்மேல் விழும் பத்து நிமிடத்துக்காக நான் காபியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு 850 ரூபாய் தாராளமாகத் தகும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் டிசம்பர் வந்தால் நட்சத்திரமும் சீரியல் பல்பும் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள், நாங்கள் கரண்ட் கொடுப்போம், அவர்கள் வீட்டு கேக் எங்களுக்கு வரும். ஒரு வருடம் தினைக்குருவி புல்லைச் சுருட்டி உள்கிளையில் கூடு கட்டியிருந்தது. பராமரிப்பு என்று பார்த்தால் தண்ணீர்கூட வாரம் ஒருமுறைதான், அறுக்க வேண்டாம், தோண்டவேண்டாம். எப்போதாவது மாவுப்பூச்சி வரும், குழாயை வேகமாகப் பிடித்து அடித்தால் போய்விடும்.

ஐந்து வருடம் வரை இப்படியே இருந்திருந்தால் இந்த எழுத்தே வேறு மாதிரி போயிருக்கும்.

இலை உதிராத மரம் என்று சொல்வார்களே, அதை நம்பவேண்டாம். இது இலையாக உதிர்க்காது, கிளையாக உதிர்க்கும். அடிக்கிளைகளில் சின்னச் சின்னக் கிளைகள் இலையோடு பழுப்பாகி, முழங்கை நீளக் கயிறு கயிறாக விழும். செதில் செதிலாக, வளைந்து கிடக்கும். முதல் தடவை பார்த்த வேலைக்கார அக்கா பாம்புச் சட்டை என்று அலறி, அன்றைக்கு முன்வாசல் பெருக்கவே இல்லை. சருகு மாதிரி பறக்காது, சீக்கிரம் மக்காது, கம்போஸ்ட் குழியில் ஆறு மாதம் அப்படியே கிடக்கிறது. போர்டிகோ மேலே விழுந்தது மழையில் அடித்துக்கொண்டு போய் மழைநீர் சேகரிப்புக் குழாயின் வாயில் பந்து மாதிரி சிக்கிக்கொண்டு, ஒருமுறை தண்ணீர் போர்டிகோவில் நாலங்குலம் தேங்கி, சீலிங்கில் ஓதம் இறங்கிவிட்டது. பெயின்ட் செலவு மட்டும் 4,000. கல்வாழை என் முதுகைத்தான் கேட்டது, இது பர்ஸைக் கேட்டது.

அப்புறம் சாய்வு. நான் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்ட மரம், நாலாம் வருடம் லேசாகத் தெற்கே சாய்ந்து நின்றது. வாஸ்து தெரிந்த ஒருவர் வீட்டில் பணம் நிற்காது என்றார். கொத்தனார் அஸ்திவாரம் என்றார். கடைசியில் பார்த்தால் குக் பைனின் பிறவிக்குணம் அது. 2017-ல் வெளியான ஒரு ஆய்வில் ஐந்து கண்டங்களில் இந்த மரங்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். பூமியின் வடபாதியில் இருப்பவை தெற்கே, தென்பாதியில் இருப்பவை வடக்கே, அதாவது எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டைப் பார்த்துச் சாய்கின்றன, சராசரி எட்டு டிகிரிக்கு மேல். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போகச் சாய்வு அதிகம், நாம் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சமாகத்தான். வாஸ்துக்காரரிடம் இதைச் சொன்னேன், நம்பவில்லை. உங்கள் மரம் தெற்கே சாய்ந்தால் முட்டுக்கொடுத்துக் கயிறு கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், நான் இரண்டு வருடம் அதைச் செய்தேன்.

காம்பவுண்டுச் சுவரில் விரிசல் விட்டபோதும் எல்லோரும் மரத்தைத்தான் கை காட்டினார்கள். அது மட்டும் அநியாயம். மரமே இல்லாத பின்பக்கச் சுவரிலும் அதே விரிசல் இருக்கிறது, கரிசல் மண் கோடையில் சுருங்குவதன் வேலை அது.

உண்மையான பிரச்சினை உயரம். ஆறடி மினி 2023-ல் இருபதடியைத் தொட்டு, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற மின்கம்பியை உரசியது. லைன்மேன் வந்தார், ஏணி போட்டார், மேலே மூன்றடியைக் கொடுவாளால் ஒரே வெட்டு. அவரைக் குறை சொல்ல முடியாது, காற்றுக்காலத்தில் பொறி பறந்தது. ஆனால் இந்த மரத்தின் மொத்த அழகும் அந்த ஒற்றை நுனியில் இருக்கிறது. வேம்பையோ புங்கையோ மேலே வெட்டினால் பக்கத்தில் பரந்து இன்னும் நிழல் தரும், கவாத்து செய்தமாதிரி ஆகும். இதை வெட்டினால் வெட்டியதுதான். எட்டு மாதம் கழித்து வெட்டுக்குக் கீழிருந்து இரண்டு நுனி கிளம்பி, இப்போது மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு மேலே போகின்றன. கீழே பார்த்தால் கோபுரம், மேலே பார்த்தால் கிடா. விழுந்த துண்டில் ஒரு பக்கக்கிளையை நட்டுப் பார்த்தேன், ஒரு ஆசைதான். வேர் விடவில்லை. விட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லையாம், பக்கக்கிளையிலிருந்து வருகிற செடி ஆயுசுக்கும் படுத்தவாக்கில் பக்கவாட்டிலேயே வளருமாம். அதனால்தான் நர்சரியில் விதைக்கன்றாகவே விற்கிறார்கள், விலையும் அதனால்தான் குறைவதில்லை.

மரம் அறுப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருபக்கம் கம்பி, ஒருபக்கம் போர்டிகோ, அடியோடு சாய்க்க வழியில்லை, மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும், 9,000 ஆகும் என்றார். வாங்கிய விலைக்குப் பத்து மடங்கு.

இதற்காக அரகேரியாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. போன வருடம் இன்னொன்று வாங்கினேன், இரண்டடி, 650 ரூபாய், மாடியில் 18 அங்குலத் தொட்டியில் நிற்கிறது, அது எனக்குத் திருப்திதான். வாங்கும்போது கீழ் அடுக்கு தரையோடு இருக்கிறதா என்று பாருங்கள், கீழே மொட்டையாக இருந்தால் கடையில் நிழலில் ரொம்ப நாள் நின்றது என்று அர்த்தம், அந்த மொட்டை மறையாது. நுனி ஒற்றையாக, உடையாமல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள், லாரியில் வரும்போது உடைந்ததைப் பின்வரிசையில் வைத்து முதலில் உங்களிடம்தான் தள்ளுவார்கள். தொட்டியை வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஒருபக்கமாக வெளிச்சத்தைத் தேடிப் போகும். ஏ.சி. அறைக்குள் வைத்தால் கீழ்க்கிளை ஒவ்வொன்றாகக் காயும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்றல், இவ்வளவு போதும்.

மண்ணில் நட ஆசை என்றால் பத்து சென்டுக்குக் குறையாத இடமும், மேலே கம்பி இல்லாத வானமும் வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. குன்னூர் சிம்ஸ் பார்க்கில் போய் நின்று நிமிர்ந்து பாருங்கள், ஊசியிலை மரங்களுக்கு எவ்வளவு ஆகாசம் தேவை என்பது கழுத்து வலிக்கும்போது புரியும். கடற்கரை ஓரத்தில் வீடு உள்ளவர்களுக்கும் இதைத் தைரியமாகச் சொல்வேன், உப்புக்காற்றைத் தாங்குகிற மரம், வேறு பல செடிகள் கருகுகிற இடத்திலும் நிற்கும். ஊட்டியில் கல்வாழை உறைபனியில் கருகி, வெயில் வந்ததும் கிழங்கிலிருந்து திரும்ப வரும், அங்கே போட்டி கொஞ்சம் மரத்துக்குச் சாதகம்.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால்: நாலு சென்ட் வீட்டு முன்பக்கத்துக்கு, கல்வாழைக்கு ஐந்தில் நாலு. ஒன்றைக் குறைத்தது என் முதுகு. அரகேரியாவுக்கு மண்ணில் இரண்டு, தொட்டியில் நாலு. ஆறடி என்று சொல்லி விற்றவருக்கு எத்தனை என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

மரம் அறுப்பவர் தை பிறந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார். டிசம்பருக்கு முன்னால் வேண்டாம் என்று பக்கத்து வீட்டுச் சின்னவன் என் மகளிடம் வந்து சொல்லிவிட்டுப் போனானாம், அதனால் அந்தத் தேதி. மாமியாரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், "நல்லா நிமுந்து வளந்த மரத்தப் போயி" என்றார். பிளாஸ்டிக்கா என்று கேட்ட அதே வாய். அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, வெறுமனே விடுங்க மாப்பிள்ளை, பக்கத்துப் பாத்தியிலிருந்து கல்வாழை தானா வந்து பிடிச்சுக்கும் என்கிறார். இப்போதே இரண்டு கன்று டைல்ஸ் தாண்டி வந்து நிற்கிறது. இந்தக் கார்த்திகையில் பாத்தியைத் தோண்டுகிறேன், கோவையில் இருப்பவர்கள் கிழங்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், சாக்கு மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.